மேலிருந்து ஒரு மிதி

வீட்டின் பலகைத் தரைக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி, சுத்தியல் பிடியால் கட்டையில் இரண்டு முறை தட்டிவிட்டு லின்வுட் சால்டர் காத்திருந்தார். தலைக்கு மேலே வீட்டுக்கார அம்மா மிஸ் ஓபல் குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். அடியில் இருப்பவருக்கு உயிர் இருக்கிறது, மேலே இருப்பவருக்குக் காது கேட்கிறது என்று கணக்கு. அதன் பிறகுதான் மல்லாந்தபடியே அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.

வட கரோலினாக் கடலோரத்தில், உப்புச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இந்த ஊரில், வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டடி இருட்டு இருக்கும். அதில் ஊறும் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் ஐம்பது வருடமாக அவர் பிழைப்பு. வயது எழுபத்து நான்கு. மூக்குக்கு மட்டும் வயதாகவில்லை. வாசற்படியில் நின்று மோந்து பார்த்தே எந்த அறைக்கு அடியில் கட்டை உளுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விஷயத்தில் நன்றாகவே கோட்டை விட்டார். கோடையில் அடிச்சுவரின் காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்தால் எல்லாம் காய்ந்துவிடும் என்று முப்பது வருடம் ஊருக்கே சொன்னார். உள்ளே போன புழுக்கக் காற்று குளிர்ந்த குழாய்களில் பட்டு நீராய்ச் சொட்டியது பிற்பாடுதான் புரிந்தது. இப்போது வீடு வீடாகப் போய், தான் திறக்கச் சொன்னதைத் தானே மூடி, மண்ணில் தடித்த பிளாஸ்டிக் விரிக்கிறார். "கெடுத்தவன் நான். வேற எவன் தலையில கட்ட?" என்பார்.

மிச்சம் அவருடைய சொந்த வீடு ஒன்றுதான். அடுப்பருகே தரை அமுங்குகிறது. "ஒரு நாள் அடுப்போட சேர்ந்து கீழ போகப்போறீங்க," என்று மிஸ் ஓபல் கடிந்துகொண்டார்.

வேலை முடித்து வெளியே வந்த லின்வுட் தொப்பியைக் கழற்றி மண்ணை உதறினார். "நான் அடியில இருந்து தட்டுனா, மேல மிதிக்க யாரு இருக்கா, மிஸ் ஓபல்?"

மனைவி வெர்னா இருந்தவரை அந்தக் கவலை இல்லை. கரண்டியும் கையுமாக வந்து மிதிப்பாள். பலகை இடுக்கு வழியாகச் சோளமாவு அவர் முகத்தில் உதிரும். ரொட்டி வெந்திருந்தால் கூடவே ஒரு அதட்டலும் வரும்: "போதும், மேல வாங்க." அந்த மாவைத் துடைக்காமலே அவர் சாப்பிட உட்கார்ந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன.

வெள்ளிக்கிழமை வெர்னாவின் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் காலையே லின்வுட் தன் வீட்டுக்கு அடியில் நுழைந்தார். உளுத்த கட்டைக்கு முட்டுக் கொடுத்தார், பிளாஸ்டிக் விரித்தார், ஏழு துவாரங்களை மூடினார். எட்டாவது அடுப்படிக்கு நேர் கீழே. அங்கே போனதும் கை பழக்கத்தில் இரண்டு முறை தட்டிவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு வர வெர்னாவுக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, மேலிருந்து வரவேண்டிய அந்த ஒரு மிதியையும் தானே தட்டிவிட்டு, துவாரத்தை மூடினார்.