படக்கட்டில் நடந்த சிறுமி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், குரங்கணி மலையில் ஏலத்தோட்ட வேலைக்கு மனுப் போடப் படம் வேண்டுமென்று போடி கடைத்தெருவில் ஒரு போட்டோக்காரரிடம் போனேன். ஒல்லியான மனிதர். படம் கழுவும் மருந்துபட்டு நகமெல்லாம் பழுப்பேறியிருந்தது. உட்காரச் சொன்னார், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், பேசாமல் எடுத்துவிட்டார். மறுநாள் போனால் படத்தில் என் முகம் கலங்கிக் கிடந்தது.

எனக்கு எரிச்சல். "அசையாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

அவர் இழுப்பறையிலிருந்து சின்னச் சின்னப் படங்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய ஒரு படக்கட்டை எடுத்துக் கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினார். ஏலக்காய் காயும் களத்தில் ஒரு சிறுமி நடந்து வந்தாள். சத்தியமாக நடந்தாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெடுக்கென்று தாவினாள்.

"எம் மக, தம்பி. கொஞ்சங் கொஞ்சமா நகரச் சொல்லி, நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தேன். ஒரேயடியா நகந்தா நடக்குற மாதிரி வராது. காலைலேர்ந்து அசையாத, அசையாதன்னு வஞ்சுக்கிட்டே இருந்தேன். கால் வலிக்குதுப்பான்னா. அடுத்த மாசம் மலைக்காய்ச்சல்ல போயிட்டா."

"நடுவுல தாவுறாளே?"

"அந்த ஒரு படத்துலதான் சிரிச்சா. அவ ஆத்தா அதை உருவி, கண்ணாடி போட்டு, மாலை போட்டுட்டா. திருப்பிக் கேக்க மனசு வரல."

என்னை மறுபடி உட்காரச் சொன்னார். துணிக்குள் தலை போனது. இந்த முறையும் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் மூச்சை அடக்கி, கண்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.