பின்சீற்றில் இருந்தவர்

எங்கள் காரில் இரண்டு பேர் பிரேக் போடுகிறோம். வால்தம்ஸ்டோவில் சிவப்பு விளக்கு விழும் இடமெல்லாம் நான் ஒருமுறை மிதிப்பேன். பக்கத்தில் இருக்கும் என் கணவர் வெறும் விரிப்பில் ஒருமுறை மிதிப்பார். லண்டனில் இத்தனை காலம் டெலிவரி வான் ஓட்டிய மனிதர். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை குறைந்து, சென்ற ஆண்டு லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகமட்டும்தான் காரில் ஏறுகிறார். கோயிலும் இல்லை, கலியாண வீடும் இல்லை. கூப்பிட்டால், "ஏத்தி இறக்க நான் என்ன அரிசி மூட்டையோ?" என்று கேட்பார்.

இது தெரியாதவள்போல எங்கள் மகள் கலியாண நாளுக்கு ஐஸ்லாந்துப் பயணம் ஒன்றைப் பரிசாகத் தந்தாள். பனியாற்றின்மேல் ஸ்னோமொபைல் ஓட்டம். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் அதைப் பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முன்சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்சில்லுக்குப் பதில் ஓர் அகன்ற ரப்பர் பட்டி. அப்பா வாய் ஓயாமல் சொல்லும் ஊர் மோட்டார் சைக்கிளுக்கு இதுதான் ஈடு என்று நினைத்திருக்கிறாள், பாவம். அங்கேயும் லைசன்ஸ் கேட்பார்கள் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. தெருவே இல்லாத இடத்தில் லைசன்ஸ் எதற்கு?

பனிவெளியின் விளிம்பில் எங்களைப் பஸ்ஸால் இறக்கி, விண்வெளிக்கு அனுப்புவதுபோல ஓர் உடுப்பையும் ஹெல்மெற்றையும் மாட்டிவிட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் நேரே போய்ப் பின்சீற்றில், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப்போட்டு இருந்துவிட்டேன். வழிகாட்டிப் பெண் ஓடி வந்து, முழங்கால் நோகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நோகவில்லை, சேலைக்குப் பழகிய கால் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? பிறகு அவள் என் கணவரிடம் லைசன்ஸுக்குக் கையை நீட்டினாள். அவர் என்னைக் காட்டி, "வைஃப்" என்றார். மனைவிக்கு விட்டுக்கொடுக்கும் நல்ல மனிதர் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பெருவிரலை உயர்த்திக் காட்டிப் பாராட்டினாள்.

அவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். "நீ போயிட்டு வா. நான் பஸ்ஸில இருக்கிறன்."

இதில் ஏறாமல் திரும்பினால் இந்த மனிதர் இனி எதிலும் ஏறமாட்டார் என்று பட்டது.

இவரை நான் கட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் யுத்தகாலத் தடையால் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இவருக்கு அது கைவந்த கலை. நெல்லியடியில் இருந்த என் தாய்வீட்டுக்கு வல்லை வெளியால் போவோம். அந்த வெளியில் காற்று ஆளையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளும். "சாயாதை. கல்லு மாதிரி இரு," என்று முன்னால் இருந்து கத்துவார். நானும் கல்லாகவே இருந்தேன். சேலை முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை மணக்கும். இப்போதும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு இருபத்து மூன்று வயதாகிவிடுகிறது.

நான் முன்சீற்றுக்கு மாறி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கைபிடியில் இருந்த வேக விசையை அமத்தினேன். வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. பஸ்ஸடிக்குப் போனவர் அரை ஓட்டமாகத் திரும்பி வந்தார். "உப்பிடியே அமத்திறது? பெருவிரலால மெல்ல மெல்ல." சொல்லிக்கொண்டே பின்னால் ஏறிவிட்டார். எனக்குச் சொல்லித்தரத்தான் ஏறினாராம். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒருவர் பின் ஒருவராக வழிகாட்டியின் தடத்தில் போனோம். சரிவு ஒன்றைக் குறுக்கே கடக்கும்போது வண்டி கீழ்ப்பக்கம் வழுக்கத் தொடங்கியது. இதில் இரண்டு பேரும் மேட்டுப்பக்கம் சாய வேண்டும். அவரோ கல்லு மாதிரி இருந்தார்.

"சாயுங்கோ அப்பா," என்று கத்தினேன். "என்னோட சேந்து சாயுங்கோ."

சாய்ந்தார். வண்டி நிமிர்ந்து தடத்துக்கு வந்தது. அவர் எனக்காகச் சாய்ந்த அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெற்றுக்குள் கண்ணைத் துடைக்கவும் ஏலாது.

உச்சியில் எஞ்சின்களை நிறுத்தினோம். எங்கும் வெள்ளை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"முன்னால உன்ர ஹெல்மெற்தான். தலையைத் திருப்பி ஒரு பக்கம்தான் பாத்தன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் பின்சீற்றில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. போகும்போது தெருவின் ஒரு பக்கம், வரும்போது மற்றப் பக்கம். திரும்பி வந்தால்தான் தெரு முழுமையாகும். நாட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில் கிளாலிக் கடலேரிவரை அதே மோட்டார் சைக்கிளில்தான் போனோம், அங்கிருந்து படகு. ஒரு மதிலில் காயப்போட்டிருந்த பச்சைப் போர்வை, பூட்டிக்கொண்டிருந்த ஒரு தேத்தண்ணிக் கடை, எங்களைப் பார்த்துக் கை காட்டிய யாரோ ஒரு பெண். எல்லாம் இடப்பக்கம். மற்றப் பக்கத்தை வரும்போது பார்க்கலாம் என்று இருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தெருவால் வாடகை வானில் போனபோது இரண்டு பக்கமும் தெரிந்தது. ஆனால் அது வேறு தெரு.

"பரவாயில்லை, திரும்பேக்க மற்றப் பக்கத்தைப் பாருங்கோ," என்றேன்.

அவர் வழிகாட்டியிடம் போய், வந்த பாதையால்தான் திரும்புவோமா என்று கேட்டார். எங்களை மகிழ்விக்கும் செய்தி என்று நினைத்து அவள் முகம் மலர்ந்து நீளமாக ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் வந்தார்.

"திரும்பிறது வேற வழியாலயாம்."

நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். அவர் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வந்த தடம் மறையும்வரை, கழுத்து நோக, அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.