தூக்குங்க என்று சொன்ன டாக்டரம்மா

"அப்பா, டாக்டரம்மா போயிட்டாங்களாம்" என்று நாவலூரில் இருக்கும் என் மகள் மஞ்சு போனில் சொன்னாள். எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒருவர்தான். மேற்குத் தாம்பரத்தில் மளிகைக் கடைக்கு மேலே கிளினிக் வைத்திருந்த டாக்டர் எஸ்தர். அந்தச் செங்குத்தான படியில் ஏறியவர்களில் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். "நீங்க படியேறி வர்ற சத்தத்துலயே எனக்குப் பாதி தெரிஞ்சிடும்" என்பாரே, அவர்தான்.

எண்பதுகளின் கடைசி. மஞ்சுவுக்கு மூன்று வயது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சோறு இறங்கவில்லை, சாயங்காலமானால் உடம்பு சுட்டது. அந்த நாளில் எங்கள் பக்கம் சோனியாக இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் 'ப்ரைமரி காம்ப்ளெக்ஸ்' என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். டி.பி. என்று சொன்னால் மறுநாளே நாம் வேறு டாக்டரிடம் ஓடிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். நானோ பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அந்தத் தைரியத்தில் இது ஏதோ சத்துக் குறைவு என்று முடிவு கட்டி, குழந்தைக்கு முட்டையும் டானிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தேறவில்லை. யாரோ சொல்லி டாக்டரம்மாவிடம் போனோம்.

குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல யாரு இருமுறது?"

"யாரும் இல்லை டாக்டர்" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.

என் மனைவி சரோஜா விடவில்லை. "அது இருமல் இல்லீங்களாம் டாக்டர். கம்பெனி தூசியாம். தீபாவளியிலேர்ந்து அதே தூசிதான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த வயசுக் குழந்தைக்கு இது தானா வராதும்மா. கூட இருக்கிற பெரியவங்க யார்கிட்டயிருந்தோதான் வரும். இவளுக்கு மருந்து எழுதறேன். சார், நீங்க இப்படி வந்து உட்காருங்க."

என் மார்மேல் படுத்தால்தான் மஞ்சு தூங்குவாள். அது நினைவுக்கு வந்தது. அன்று படியிறங்கும்போது குழந்தையைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டேன்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்தே வைத்தியத்தை ஆரம்பிப்பதுதான் அன்றைக்குப் பல கிளினிக்குகளில் வழக்கம். நானும் பெரிய கவரோடு போய்ப் பெருமையாக நீட்டினேன். விளக்கில் பிடித்துப் பார்த்தார். "நிழல் தெரியுது. நிழலுக்கு மருந்து கொடுக்க முடியுமா? காலையில எழுந்ததும் வர்ற சளியைக் கொண்டு வாங்க" என்று மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார். படித்த பெண்மணியிடம் கண்றாவியாக எதையாவது எப்படிக் கொடுப்பது? நன்றாக வாய் கொப்பளித்து, பளிச்சென்று எச்சில் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவைத் திறந்து பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு மரியாதையா? இது வெறும் எச்சில் சார். நெஞ்சுலேர்ந்து இருமி எடுத்துட்டு வாங்க. எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு நல்லது."

இரண்டாம் முறை கொடுத்த மரியாதையில்லாத சளியில் கிருமி இருந்தது.

மாத்திரைகள் ஆரம்பமாயின. "இந்த மாத்திரைக்கு ஒண்ணுக்கு செவப்பா போகும், பயப்படாதீங்க. செவக்கலைன்னு சொன்னீங்கன்னா நான்தான் பயப்படுவேன்" என்றார். நான் முன்னறைக்குக் குடி போனேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். டாக்டரம்மாவுக்குத் தெரிந்ததும் திட்டு விழுந்தது. "தட்டு என்னங்க பாவம் பண்ணுச்சு? இது காத்துல வர்றது. ஜன்னலைத் திறந்து வைங்க. இருமும்போது வாயை மூடுங்க. கொஞ்ச நாளைக்குக் குழந்தையை மட்டும் பக்கத்துல விடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னால் முடியவில்லை. "அப்பா" என்று மஞ்சு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வருவாள். நல்ல வார்த்தை சொன்னால் அவள் போக மாட்டாள். அதனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "போடி உள்ளே!" என்று கத்துவேன். நடிப்பில் நான் கெட்டிக்காரன் போலிருக்கிறது. சில வாரங்களில் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். திரைக்குப் பின்னால் அவள் கால் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஒரு நாள் சளி சுத்தமாகிவிட்டது என்று சீட்டு வந்தது. டாக்டரம்மா படித்துவிட்டு, "என்ன பார்க்கறீங்க? தூக்குங்க அவளை" என்றார்.

நான் கையை நீட்டினேன். மஞ்சு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். "அப்பா அடிப்பார்" என்றாள்.

நான் அவளை அடித்ததே இல்லை. வெளியே ஒருவர், "இன்னா டாக்டரம்மா, எம்மா நேரம் குந்திக்கினு கீறது?" என்று குரல் கொடுத்தார். "இருப்பா, உள்ள வைத்தியம் நடக்குது" என்றார் டாக்டரம்மா. பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மஞ்சுவின் காதில் மாட்டினார். மறுமுனையை என் நெஞ்சில் வைத்தார். "அப்பா உள்ள என்ன சொல்றாருன்னு கேளு."

மஞ்சு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். கேட்கக் கேட்க ஓரடி நெருங்கினாள், பிறகு என் சட்டையைப் பிடித்தாள். தூக்கினேன். மருந்து வாசனையும் தேங்காயெண்ணெயுமாக அவள் தலை என் கழுத்தில் புதைந்துகொண்டது.

"மாத்திரையைப் பாதியில நிறுத்தினீங்கன்னா திரும்ப இறக்கிவிட்டுடுவேன்" என்றார் டாக்டரம்மா. ஊசிக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. கடைசி மாத்திரை வரை விழுங்கினேன்.

அவரிடமிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் மிஞ்சியிருக்கிறது. பஸ்ஸில் யாராவது இருமினால் எத்தனை நாளாக என்று கேட்டுவிடுவேன். வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவருக்கு மண் போட்டுவிட்டு வந்த மறுவாரம், அனகாபுத்தூர் பஸ்ஸில் ஒருவர் விடாமல் இருமினார். கேட்டேன். "இன்னா சார் பேஜாரா கீது உன்னோட, ஒரு மாசமாத்தான்" என்றார். இறங்கும் இடம் வந்ததும் அவரே திரும்பினார். "நல்ல டாக்டரு யாருனா இருந்தா சொல்லு சார்."

"தாம்பரத்துல..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் நின்றுவிட்டது. "எங்க போனாலும் சளியை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பியது.

டாக்டரம்மாவாக இருந்தால் இப்படி விட்டிருப்பாரா? அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அந்த மனிதர் போன திசையில் வேகமாக நடந்தேன்.