துடைக்காமல் விட்ட பாதி

கேத்தரின் முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். மலேசியாவின் கிள்ளானில் அவள் தெருவே அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். ஊரார் முதுகைத் துடைத்தே காலம் போய்விட்டது. இனியாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் சொந்தமாக இருக்கும் ஒன்றில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தாள். எங்கே உட்கார விட்டார்கள்?

போன கிறிஸ்மஸுக்கு அக்கம்பக்கத்தாரை எல்லாம் விருந்துக்கு அழைத்து ஓப்பன் ஹவுஸ் வைத்தாள். வருகிறவர்கள் எப்படியும் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் வருவார்கள். அவர்கள் பாதம் அழுக்காகக் கூடாதே என்று விடிந்ததும் வாசல் போர்ச்சை சோப்புப் போட்டுக் கழுவினாள். பாதி துடைப்பதற்குள் முட்டி மக்கர் செய்தது. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். வெயில்தான் வரவில்லை. முறுக்கு டப்பாவோடு முதல் ஆளாக வந்த பக்கத்து வீட்டு லோகேஸ்வரி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தவளை தினமும் காலையில் நடக்கப் பழக்கியது கேத்தரின்தான். இரண்டு மாதம் கழித்து லோகேஸ்வரியின் பெயரில் லாயர் கடிதம் வந்தது. வீட்டுக்காரி தரையைப் பாதுகாப்பாக வைக்கவில்லை, நஷ்டஈடு தர வேண்டும். கேத்தரின் அதை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

"தரை காஞ்சுதான் இருந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. யாரு பார்த்தா?" என்றான் மகன் ஹென்றி. "அந்த வீட்டுப் பக்கமே போகாதீங்க லா. நம்ம லாயரும் அதான் சொல்றாரு."

நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வாக்கர் இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டே அடி, நின்றுவிட்டது. இவள் இப்படி நடந்தால் மறுபடியும் விழுவாள் என்று முணுமுணுத்தபடி, அலுத்துப்போய் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அவளைக் கண்டதும் லோகேஸ்வரி அழுதுவிட்டாள். "எம் மகன் லாயர் பேப்பர நீட்டினான், சைன் பண்ணிட்டேன் மிஸ்ஸி. தண்ணியே இல்ல, நானாத்தான் விழுந்தேன்னு சொல்லிடவா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததில் கேத்தரினுக்கே வெட்கமாக இருந்தது.

"தண்ணி இருந்துச்சு. நான் பாதிதான் தொடச்சேன். அப்படித்தான் எழுதிக் குடுக்கப் போறேன்."

"அப்ப உங்க வீடு?"

கேத்தரினுக்குப் பயமும் இருந்தது, இவள் மேல் கோபமும் இருந்தது. அதற்காகப் பிடியை விட முடியுமா? லோகேஸ்வரியின் இடுப்பை இறுக்கித் தாங்கினாள்.

"அத அப்புறம் பார்ப்போம். வாக்கர மொதல்ல தள்ளு. இப்ப அந்தக் கால வை."