நான் கேட்ட கால்கள்

சபையாருக்கு என் தோத்திரம். இந்த ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்ன ஒவ்வொருவரையும் பார்த்து வயிறெரிந்தவள் நான். 'இவளுக்குக் காது கொடுத்த ஆண்டவருக்கு என் குரல் மட்டும் எட்டவில்லையா' என்று நினைத்துக்கொண்டே ஆமென் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நானே எழுந்து நிற்கிறேன். என்னைப் பார்த்து யாருக்காவது வயிறெரிந்தால், முழுக்கக் கேட்டுவிட்டு எரியட்டும்.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து, போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கியவர். சடுகுடு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சிலமலை, தேவாரம் என்று ஊர் ஊராக ஆடப் போவார். ஊரே அவரைப் பார்க்கும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார். சடுகுடுதான் எனக்கு வாய்த்த சக்களத்தி. அவர் வேட்டியில் ஒட்டிவரும் புழுதியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

1954 தைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு எதிரே நெல்லடிக்கும் களத்தில் ஆட்டம். சாணி மெழுகி, வெயிலில் காய்ந்து, கல்லாக இறுகிய தரை. பாடிக்கொண்டு ஏறிய இவரை எதிராளிகள் இடுப்போடு கட்டித் தூக்கிப் போட்டார்கள். முதுகு அடிபட விழுந்தார். மேலே நாலைந்து பேர் விழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். இவர் எழவில்லை.

அப்போது காலை அசைத்தார். என் கண்ணால் பார்த்தேன். வலியில் மூச்சு வாங்கியதும், மூச்சுப்பிடிப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். மூச்சுப்பிடிப்புக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? முதுகோடு முதுகு சேர்த்து, கையோடு கை கோத்து, ஆளைத் தூக்கி உலுக்குவோம். இவருடைய கூட்டாளி செல்லத்துரை அதைத்தான் செய்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். கீழே இறக்கியபோது இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

மதுரையில் டாக்டர் எங்களிடம் ஒளிக்கவில்லை. விழுந்ததில் முதுகெலும்பு முறிந்திருக்கிறது, தூக்கி உலுக்கியதில் உள்ளே ஓடுகிற நரம்பும் கெட்டிருக்கலாம் என்றார். தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடிபட்டு விழுந்தவனை உட்காரவைக்கக் கூடாது, வளைக்கக் கூடாது, கிடந்தபடியே பலகையில் ஏற்றித் தலை ஆடாமல் கொண்டுவர வேண்டும் என்றார். இனிமேல் நடப்பது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். பொழுதன்றைக்கும் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். வந்தும் விட்டது. மூட்டை தூக்கிய உடம்பு கொடியாக மெலிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சோறு கொண்டுபோனால் வேண்டாம் என்பார். ஏன் பிழைக்கவைத்தாய் என்று என்னையே கேட்பார்.

நான் பகலெல்லாம் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். "ஆண்டவரே, இவரை எழுப்பும்." வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தால் ஊரெல்லாம் கால்கள். எதிர்வீட்டுப் பெரியவர் தடியூன்றி நடந்தால் பொறாமை. ஆட்டைப் பார்த்தால், இதற்கு எதற்கு நாலு கால் என்று பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலே செல்லத்துரையின் மனைவி எஸ்தர் மேல் பொறாமை. அவள் வீட்டுக்காரர் விடிந்ததும் வேலைக்கு நடந்து போவார். என் வீட்டை முடக்கிப்போட்டவர் கைவீசி நடக்கிறாரே என்று தெரு முழுக்கச் சொன்னேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

மறு வருடப் பொங்கல் வந்தது. புண்ணுக்கு வெயில் படட்டும் என்று இவர் கட்டிலை வாசலில் போட்டிருந்தேன். எதிரே களத்தில் ஆட்டம். இவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கிடந்தார். திடீரென்று கூட்டம் கத்தியது, இவர் கண்ணைத் திறந்தார். செல்லத்துரை தலைகுப்புற விழுந்து கழுத்து மடங்கிக் கிடந்தார். பிடித்து உட்காரவைக்க நாலு பேர் குனிந்தார்கள்.

ஒரு வருடமாக முணுமுணுப்புக்கு மேல் சத்தம் எழும்பாத வாயிலிருந்து உரத்த சத்தம் வந்தது.

"தொடாதீகடா. தூக்குனா அவனும் என்னைய மாதிரிதான் கெடப்பான்."

களமே அப்படியே நின்றது. கட்டிலில் கிடந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருவன் தலையை இரு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் விலகுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம கதவக் கழத்திக் கொண்டாரச் சொல்லு புள்ள. வெரசா."

நான் நகரவில்லை. இவரைத் தூக்கும்போது யாரும் கதவு கழற்றவில்லையே என்று நின்றேன். ஆட்கள் என்னைத் தாண்டிப்போய்க் கழற்றினார்கள். கழுத்து அசையாமல், எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் செல்லத்துரையை அதில் ஏற்றினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் சிறிய ஏலக்காய்ப் பை வைத்து, நெற்றியோடு துண்டால் கட்டினார்கள். குரங்கணியிலிருந்து லோடு கொண்டுவந்த ஜீப்பு அவரை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. கதவு திரும்பி வரும்வரை என் வாசலில் சாக்குத்தான் தொங்கியது.

செல்லத்துரைக்குக் கழுத்தெலும்பில் விரிசல் விட்டிருந்தது, நரம்புக்கு ஒன்றுமில்லை. பல வாரம் அசையாமல் படுத்திருந்து, ஈஸ்டருக்குத் தன் காலால் நடந்து ஆலயத்துக்கு வந்தார். எஸ்தர் எழுந்து, என் ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் என் வீட்டுக்காரரை நடக்கவைத்தார் என்று அழுதாள். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. நான் கேட்ட கால்களை விலாசம் தப்பி அவள் வீட்டில் கொடுத்துவிட்டீரே என்று ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் எல்லாவற்றையும் இவரிடம் கொட்டினேன். இவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"அவன் நடக்கட்டும்டீ. நான் கெடந்தது வீணாப் போகலைல" என்றார். "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

கரண்டியோடு நின்றுவிட்டேன். குழம்பு கேட்கிறார். யோசித்துப் பார்த்தால், அந்தப் பொங்கலன்று சாயங்காலமே பசிக்கிறது என்று கேட்டிருக்கிறார். சுவரைப் பார்த்துத் திரும்புவதை விட்டிருக்கிறார். முதுகுக்குத் தலையணை கேட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எழுப்பும் என்று கேட்டேன், ஆண்டவர் எழுப்பியிருக்கிறார். நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அடுப்படியில் முழங்காலில் விழுந்து அழுதேன்.

பிறகு கடையிலிருந்து ஏலக்காய் வரவழைத்து வீட்டிலேயே தரம் பிரிக்க உட்கார்ந்தார். அது பொம்பளைகள் சோலி என்று தெருவில் கேலி செய்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

பாரம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லத்துரை என் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, அண்ணனக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகட்டா?"

"ஒருதடவ தூக்குனது போதாதா?" என்றேன்.

அவர் கண்ணீர் வழிய அங்கேயே நின்றார். இவர்தான் உள்ளேயிருந்து, "வாடா, இந்தத் தடவ முன்னப் பாத்து ஏறிக்கிறேன்" என்றார். செல்லத்துரை கட்டிலருகே குனிந்தார். இவர் அவர் தோளைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறினார். நான் பைபிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

இப்போது எங்கள் களத்தை உழுது, கொட்டகுடி ஆற்று மணல் போட்ட பிறகுதான் ஆட்டம். ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் போடக் கூடாது, விழுந்தவன் மேல் விழக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து கட்டளை போட்டிருக்கிறார்கள். ஒரு நீளப் பலகை எங்கள் சுவரில் எப்போதும் சாய்ந்து நிற்கிறது. கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் இருவருக்கும் சடுகுடுப் பேச்சுத்தான். என் சக்களத்தி திரும்பி வந்துவிட்டாள்.

பிரியமானவர்களே, மனது சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் பொறாமையோடேதான் ஜெபித்தேன், அதற்கும் அவர் செவிகொடுத்தார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். அதோ முன்வரிசையில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் செல்லத்துரை. அவர் நடக்கையில் இன்றைக்கும் என் கண் அந்தக் கால்களுக்குத்தான் போகிறது. அவை நான் கேட்ட கால்கள். ஆராதனை முடிந்ததும் அவை என் வீட்டுக்காரரைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.