சிவக்காத கட்டம்

அந்த மனிதரைப் படியில் இறங்கச் சொன்னது நான்தான். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் எல்லாம் மேற்கே புதுக் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு ஓடிய காலம். என்னை அங்கே யாரும் எடுக்கவில்லை. இரண்டு மாநிலங்கள் ஒரு கால்வாய்த் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வைத்திருந்த கூட்டு அலுவலகத்தில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தேன். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன்.

தண்ணீர் ஒப்பந்தத்தைப் போட்டது மந்திரிகள். நடத்தியது எல்லையில் ஒரு குடிசையில் இருந்த இரண்டு பேர், மாநிலத்துக்கு ஒருவர். தினமும் காலை எட்டு மணிக்குக் கால்வாய்ச் சுவரில் வரைந்த அளவுக் கோடுகளைப் பார்த்து ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். எல்லையைத் தாண்டிய தண்ணீருக்கு அதுதான் சாட்சி. இரண்டு எண்ணும் ஒன்றாக வராது. அலையடிக்கும் தண்ணீரில் எப்படி வரும்? டீ குடித்துக்கொண்டே நடுவில் ஒரு எண்ணை வைத்து இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சண்டையே வந்ததில்லை.

நான் வந்து கெடுத்தேன். பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது, போனில் வரும் இரண்டு எண்ணுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கட்டம் சிவப்பாகும், பதிவாகாது என்று எழுதி வைத்தேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் மூளை. இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து என்னைப் பாராட்டினார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள்.

ஒரு மழை நாள். காலை எட்டேகால். கால்வாயின் மேல்பக்க மாநிலத்துக்காரர் போன் செய்தார். என் அப்பா வயது. முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"சார், எனக்கு நாப்பத்தாறு. இவருக்கு நாப்பத்தெட்டு."

"சிவப்பு காட்டுதுங்க. மறுபடி பாருங்க."

"மேல நின்னா கோடு தெரியல சார், சேறு அப்பிக்கிச்சு. நாப்பத்தேழு போட்டுக்கோங்களேன்."

"கம்ப்யூட்டர் எடுக்காது. இறங்கித் துடைச்சிட்டுப் பாருங்க."

"படியெல்லாம் பாசி. உங்க கம்ப்யூட்டரை அனுப்புங்க சார், அது இறங்கட்டும்."

பக்கத்தில் கீழ் மாநிலத்துக்காரர் சிரிப்பது கேட்டது.

"பத்து மணிக்குள்ள நான் அனுப்பியாகணும். விளையாடாதீங்க."

"சரி சார், கோவிச்சுக்காதீங்க. லைன்ல இருங்க."

லைனில் இருந்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மற்றவர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். மறுபடி மறுபடி கத்தினார். ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்த அட்டெண்டர், "க்யா ஹுவா சாப்?" என்று என்ன ஆச்சென விசாரித்தார். என் வாயில் வந்தது, "இன்னும் சிவப்பாத்தான் இருக்கு."

உடல் எல்லை தாண்டிப் போய் கீழ் மாநிலத்தில் கிடைத்தது. ஒரு கடிதத்துக்குப் பதில் போட மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் இரண்டு அரசாங்கமும் அன்று சாயங்காலமே ஒத்துப்போயின. கூட்டறிக்கை தயார்: உத்தரவு இல்லாமல், சொந்த அஜாக்கிரதையால் இறங்கினார்.

"நீ இறங்கச் சொன்னியாப்பா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். இல்லை என்று சொல்லிவிடு என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

"மறுபடி பாக்கச் சொன்னேன் சார். அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டேன். சொந்தத் தவறு என்று எழுதியதால் அவர் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய வேலையைக் கொடுக்கவில்லை. அந்த அம்மா இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு முறையும் நான் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன்.

இன்றும் காலை எட்டேகாலுக்கு யார் போன் செய்தாலும் நான் எடுப்பதில்லை. எடுத்தால் மழை கேட்கும் என்று பயம். வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அவர் இறந்த அடுத்த வாரம் அந்த இடத்துக்குப் புது ஆள் வந்தார். காலையில் போன் வந்தது. இரண்டு எண்ணும் ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. மறுநாளும். நான் அங்கே இருந்த மிச்ச வருடங்களில் கட்டம் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. இரு மாநில ஒத்துழைப்புக்கு எங்கள் அலுவலகம் உதாரணம் என்று கூட்டங்களில் பேசினார்கள்.

அந்தப் போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதே இல்லை. டீக்கடை ரேடியோ கேட்கும். எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சொன்ன எண்ணைப் பதிந்தேன்.