ரயில்வே கேட்டும் கறுப்பு ஹெல்மெட்டும்

சின்ன முதலாளியின் முகத்தை நினைத்துப் பார்க்க முயலும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது ஒரு ஹெல்மெட். கறுப்பு நிறம். இடது காதுப் பக்கம் நீளமாக ஒரு கீறல். பின்புறம் ஏதோ ஒரு பட்டாசு லேபிளை ஒட்டி, அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து நகத்தால் சுரண்டி எடுத்த தடம். சுரண்டியதிலும் முழுமை இல்லை; லேபிளில் இருந்த மயிலில் பாதி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. காதலித்தவரின் கண்ணும் சிரிப்பும் மறக்கவில்லை என்று எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அரை மயில்தான் மறக்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்?

நாள், கிழமை, தமிழ் மாதத் தேதி என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது, எந்தத் தியேட்டர் எந்தப் பொங்கலோடு மூடியது என்று கேட்டு எனக்குப் போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கதைக்கு ஆண்டை எழுதப் போவதில்லை. சிவகாசியில் ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. மாதங்களைச் சொல்கிறேன், அது போதும்.

நான் அப்போது ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் இந்த வருஷத்தில் இருக்கும்போது நாங்கள் அடுத்த வருஷத்து அமாவாசைகளைத் திருத்திக்கொண்டிருப்போம். ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டு, புது வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஆர்டர் பிடிக்கிற சீசன். அந்த ஆடி பதினெட்டில்தான், சுண்டலும் கேசரியும் பரிமாறிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, முதலாளியின் மகனான சின்ன முதலாளி என் மேசைக்கு வந்து, "டீச்சரம்மா, ஆல்பத்துல ஒரு தப்புகூட இல்லையாமே, ஐயா சொன்னாக" என்றார். நான் டீச்சர் இல்லை. பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அம்மாவின் சம்பளத்தோடு என் சம்பளத்தையும் சேர்த்துக் குடும்பம் நடத்தியவள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அவர் புத்தகம் படிக்கிறவராக இருந்ததும் பிடித்திருந்தது. புத்தகம் படிக்கிற ஆண் என்றால் முதுகெலும்பும் இருக்கும் என்று அந்த வயதில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஹெல்மெட் போடுகிறவர்கள் அபூர்வம். சின்ன முதலாளியும் ஊருக்குள் வெறுந்தலையோடுதான் போவார்; முடியைக் காற்று கலைத்தால் கண்ணாடியில் பார்த்துச் சீவிக்கொள்வார். ஹெல்மெட் வண்டியின் பக்கத்தில் சும்மா தொங்கும். விருதுநகர் சாலையில், ஊர் எல்லை தாண்டிய பெட்ரோல் பங்க்கைக் கடந்து, நான் காத்திருக்கும் வேப்பமரத்துக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி அதை எடுத்து மாட்டுவார். கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிடுவார். அதன் பிறகே நான் ஏற வேண்டும். ஒரே ஒரு ஹெல்மெட்தான். என் தலைக்குத் துப்பட்டா. "மொகத்தச் சுத்திக் கட்டிக்க, தூசி அடிக்கும்" என்பார். தூசியின் மேல் அவருக்கு இருந்த அக்கறையை நான் என் மேல் இருந்த அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முதல் இடம் ஆனைக்குட்டம் அணைக்கரை. தண்ணீர் இருந்ததைவிட சீமைக்கருவேலம் அதிகம் இருந்த நீர்த்தேக்கம். கரையில் ஏறி நின்று, கிழக்கே பார்த்து, மேற்கே பார்த்து, ஷட்டர் பக்கம் யாராவது குளிக்கிறார்களா என்று பார்த்து, அதற்குப் பிறகு கண்ணாடியைப் பாதி தூக்குவார். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் ஒரு நாள் வெகுநேரம் எங்களைக் கவனித்துவிட்டுக் கிட்டே வந்தார். "ஏய்யா, தலைல எதுக்குய்யா சட்டிய மாட்டிக்கிட்டு நிக்கீக? இங்கன மேல இருந்து ஒண்ணும் விழுகாதுய்யா" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சின்ன முதலாளி சிரித்தாரா என்று தெரியவில்லை. உள்ளே சிரித்திருந்தால் வெளியே கேட்டிருக்காது. திரும்பி வரும் வழியெல்லாம், "அந்தாளு நம்ம கம்பெனில யாருக்கும் சொந்தமா இருப்பானோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டாவது இடம் விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்தெடுத்து, மொறுமொறுப்பாக நொறுக்கி, சால்னா ஊற்றிச் சாப்பிடுகிற பரோட்டாவுக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அதுதான் அவருக்குச் சிக்கல். எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்களில் சிவகாசிக்காரன் ஒருவன் இருக்கமாட்டானா? எனவே முதலில் அவர் போய்க் கடைசி மேசையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவார். நான் எதிர்ப்பக்கக் கடையில் வளையல் பார்ப்பதுபோல் நின்றுவிட்டுப் பிறகு போக வேண்டும். ஹெல்மெட்டை மேசை மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். பரிமாறுகிற பையன் வாய்த்துடுக்குக்காரன். "அண்ணாச்சி, இவுகளுக்கும் ஒரு எலை போட்டுறவா?" என்று ஹெல்மெட்டைக் காட்டிக் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த மேசையில் அவருக்கு மிகவும் வேண்டப்பட்டது அதுதான்.

மூன்றாவது, சாத்தூர். அங்கே போனால் ஊருக்குள் நுழையுமுன்னே என்னை இறக்கிவிடுவார். நான் டவுன் பஸ் பிடித்து ரயில் நிலையம் பக்கம் போவேன்; அவர் முன்னால் போய், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவிடம் பொட்டலம் வாங்கி, என்னைத் தெரியாதவர்போல் பெஞ்சின் மறுமுனையில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார். நான் எடுத்துத் தின்ன வேண்டும். ஒரு தடவை அந்த அம்மா என்னை அதட்டினார்: "ஏத்தா, அடுத்தவுக வச்சத எடுத்துத் திங்கியே, கேக்க வேணாமா?" அவரோ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிளகாய்ப்பொடி தூவிய அந்த வெள்ளரிப்பிஞ்சின் சுவையைப் பற்றி நான் கவித்துவமாக எழுதலாம். திருடி என்ற பட்டம் வாங்கிக்கொண்டு தின்ற பண்டத்துக்குச் சுவை ஏது?

இந்த மூன்று இடங்களும் அவர் தேர்ந்தெடுத்தவை. அவரை யாருக்கும் தெரிந்திருக்காத இடங்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார் என்பது எனக்குப் புரியவே பங்குனி வரை ஆயிற்று. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அம்மா தன் கம்பெனிப் பெண்களோடு பஸ்ஸில் போயிருக்கிறாள். ஆனைக்குட்டத்துக்குப் பிரிகிற விலக்குப் பக்கத்தில் பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு வண்டி போயிருக்கிறது. பின்னால் இருந்தவளின் மஞ்சள் சுடிதார் அம்மாவே துணி எடுத்துக் கொடுத்துத் தைத்தது. துப்பட்டா முகத்தை மறைத்ததே தவிர சுடிதாரை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கோயில் பிரசாதத்தை மாடத்தில் வைத்துவிட்டு, அலுமினியப் பொடி ஏறி எத்தனை தேய்த்தாலும் வெள்ளி மினுக்கம் போகாத கையால் என் கன்னத்தைத் தொட்டுத் திருப்பிக் கேட்டாள்.

"யாருடி அவன்?"

சொன்னேன். முதலாளி வீடு என்றதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "மூஞ்சியக் காட்ட மாட்டாதவன் முதுகப் பிடிச்சுக்கிட்டு எதுக்குடி அலையுத? எங்க கம்பெனிப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஒன்னையக் கண்டுக்கிட்டாளுக. அவன ஒருத்திக்கும் தெரியல. பேரு கெட்டா யாரு பேரு கெடும்?"

பிறகு கொஞ்சம் தணிந்து, "நெசமாவே கட்டிக்கிடுதவன்னா எம்முன்னால ஒரு தடவ அதக் களட்டச் சொல்லு. கல்யாணம் எப்பன்னு நான் கேக்கல. மூஞ்சி போதும். இல்லைன்னா ஆவுடையாபுரத்துக்காரகளுக்கு நான் பதில் சொல்லணும்" என்றாள். பெண் கேட்டு வந்த ஒரு வீட்டாரைச் சித்திரை வரை நிறுத்தி வைத்திருந்தாள்.

நான் இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு முறைதான். சிவகாசி ரயில்வே கேட். எம். புதுப்பட்டிப் பக்கத்து வேலை முடிந்து அம்மாவின் கம்பெனி பஸ் சாயங்காலம் அந்த வழியாகத்தான் வரும். அந்நேரம் ரயிலுக்காகக் கேட் மூடுவார்கள். லோடு லாரி, சைக்கிள், பள்ளிக்கூட வேன் என்று ஊரே அங்கே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சின்ன முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பெண் என்றால் தாலி கேட்டிருப்பாள். நான் கேட்டது ஹெல்மெட்டைக் கழற்றுவது. நெடுநேரம் யோசித்து, "சரி டீச்சரம்மா" என்றார். யோசித்திருக்கவே வேண்டியதில்லை என்று எனக்கு அப்போது தோன்றாததுதான் ஆச்சரியம்.

சித்திரை, ஒரு வெள்ளிக்கிழமை. கேட் மூடியிருந்தது. எங்கள் வண்டி முன்வரிசைக்கு அடுத்து நின்றது. நான் துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு வந்து எங்கள் பக்கவாட்டில் நின்றது. ஜன்னல் முழுக்கப் பெண்கள், வெள்ளி மினுங்கும் விரல்கள். "ஏட்டி, நம்ம பொண்ணுடி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அம்மா மூன்றாவது ஜன்னலில் இருந்தாள். அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"களட்டுங்க," என்றேன். "அம்மா பாக்குதாக."

அவர் கை தாடைப் பட்டைக்குப் போனது. பட்டையின் கொக்கியில் விரலை வைத்து அப்படியே நின்றார். எங்களுக்கு இடப்புறம் ஒரு கார் வந்து நின்றது. யாருடைய கார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, வெறும் கார். கொக்கியை விட்ட கை மேலே போய், பாதி தூக்கியிருந்த கறுப்புக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். ரயில் வருகிற சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது.

நான் இறங்கிவிட்டேன். பஸ்ஸின் பின்வாசலுக்கு நடந்தேன். அதற்குள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். "ஏறு தாயி, வெயிலு" என்று ஒரு பெரியம்மா கைகொடுத்தார். ரயில் போய், கேட் திறந்து, வாகனங்கள் கலைந்தபோது அந்தக் கறுப்பு ஹெல்மெட் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சீ." அது எனக்குச் சொன்னதில்லை.

ஆவணியில் அவருக்குக் கல்யாணம். வசதிக்கு வசதி பார்த்த சம்பந்தம். பத்திரிகையின் புரூப் என் மேசைக்குத்தான் வந்தது. ஒரு பிழை விடவில்லை. மணமகன் பெயருக்கு முன்னால் போட்டிருந்த 'திருநிறைசெல்வன்' என்பதைக்கூட, பொருள்தான் பிழை என்று தெரிந்தும், திருத்தாமல் விட்டேன். அது முடிந்து வேறு அச்சகத்துக்கு மாறினேன்.

இப்போது அந்தக் கேட்டின் மேல் பாலம் வந்துவிட்டது. யாரும் நிற்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சின்ன முதலாளி ஒரு சங்கத்தின் தலைவராகிவிட்டார். இந்தத் தை மாதம் விருதுநகரில் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கு இலவசமாக ஹெல்மெட் கொடுத்தார்கள். நான் இப்போது வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் நோட்டீஸ் அடித்தார்கள். அதனால் போனேன். போய் உட்கார்ந்தால், தலைவர் மைக்கைப் பிடித்துத் தன் இளமைக் காதலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் லவ் பண்ணுன காலத்துலயே ஹெல்மெட் போட்டவன்! ஆனைக்குட்டம் கரை, இந்த விருதுநகர் பரோட்டாக் கடை, சாத்தூர் ஸ்டேஷன்... இந்த எடமெல்லாம் இன்னிக்குப் பாத்தாலும் மனசு கெடந்து அடிக்குது. ஆனா ஒரு நாள்கூட ஹெல்மெட் இல்லாம போனதில்ல! விதி எங்களப் பிரிச்சிருச்சு, அது வேற கதை. முன்னாடி இருக்கவுக மட்டுமில்ல, பின்னாடி உக்காருதவுக உசுரும் உசுருதான்!"

கைதட்டல் பலமாக இருந்தது. விதிக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரிசையில் நின்று மேடை ஏறினேன். வெளிச்சத்தில், ஒரு கையளவு தூரத்தில், கடைசியில் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தேன். சாயம் பூசிய மீசை. தொங்கும் தாடை. சராசரியான, யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத முகம். இதை மறைக்கவா அத்தனை பாடு? அவர் ஹெல்மெட்டை நீட்டினார்.

"ரெண்டு குடுங்க," என்றேன். "பின்னாடி உக்காருதவுகளுக்கும் ஒண்ணு வேணும்."

குரலில் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்திலிருந்தவர், "மேடம், ஆளுக்கு ஒண்ணுதான்" என்றார். தலைவர் அட்டைப்பெட்டிக்குள் குனிந்தார். தேவைக்கு மேல் குனிந்தார். முகம் முழுவதும் ஹெல்மெட்டுகளுக்குள் போகுமளவுக்குக் குனிந்து, நிமிராமலே ஒன்றை எடுத்து நீட்டி, "குடுத்துருப்பா" என்றார்.

என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆவுடையாபுரத்துக்காரர். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கை ஆட்டிக்கொண்டே வருவார். ஹெல்மெட்டைக் கொடுத்ததும் மாட்டிக்கொண்டார். கண்ணாடியை மட்டும் உச்சிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இத எறக்குனா கூப்புடுதவுகளுக்கு நாந்தான்னு எப்படித் தெரியும்?"

அதன் பின்புறத்தில் நன்கொடையாளர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிரிக்கிற தலைவரின் படம். வீட்டுக்கு வந்ததும் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். பசை கெட்டியாக இருந்தது. நெற்றியும் ஒரு கண்ணும் வந்துவிட்டன; மற்றது அப்படியே நின்றது.

"விடு, பாதிதான் வருது" என்றார் கணவர்.

"இருக்கட்டும்," என்றேன். "அவருக்கு அம்புட்டுதான் காட்டத் தெரியும்."